கார் இல்லாத ஷெட்டுக்கு ஒரு ஷட்டர்

எங்கள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. கார் கிடையாது.

வீடு கட்டும்போது கொத்தனார், "முன்னாடி கொஞ்சம் எடம் மிச்சம் கீதுங்க, இன்னா பண்றது?" என்று கேட்டார். நான் அப்போது திருத்தணி–பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். முழு பஸ்ஸும் என் விசிலுக்கு நின்று புறப்படுகிறதே என்ற திமிரில், "ஷெட் போட்டுடுங்க, காரு பின்னால வரும்" என்றேன். ஷெட் வந்தது. ஷட்டர் வந்தது. எனக்கு ரிட்டயர்மென்ட்டும் வந்தது. கார்தான் இன்னும் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று தெரியவில்லை. இப்போதைக்கு உள்ளே ஒரு கிரைண்டர், கால் ஒடிந்த கட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். திருடன் நுழைந்தால் பரிதாபப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போவான்.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிக்காரர்களை ஏற்றி வந்த வேன் ஒன்று எங்கள் தெருவில் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸ் எடுத்து ஷட்டரில் இடித்தது. டிரைவர் இறங்கிக் கும்பிட்டு, "முருகன் பேரைச் சொல்லி மன்னிச்சுடுங்க சாமி" என்றார். திருத்தணி மலைக்குக் கீழேயே குடியிருந்துகொண்டு முருகனுக்கு மேலே நான் என்ன பேசுவது? அவர் போய்விட்டார். ஷட்டர் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதற்குப் பிறகு நாற்காலி எடுக்க யார் போனாலும் தலை குனிந்துதான் போக வேண்டியிருந்தது. எனக்கு யாரும் தராத மரியாதை என் ஷெட்டுக்குக் கிடைத்தது.

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் ஆடி முடிந்ததும் தரகர் வேடியப்பன் ஒரு வரன் கொண்டுவந்தார்.

என் மகன் விஜயனுக்கு முப்பத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தங்கமான பையன்; அதனால் யார் கண்ணிலும் படவில்லை. வந்த வரனெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிப் போயிற்று. போன தையில் பெண் வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டு, "மலைக்குப் போய் சாமி கும்பிட்டு வந்து பதில் சொல்றோம்" என்று போனவர்கள், அப்படியே மலையிறங்கி பஸ் ஏறிவிட்டார்கள். அன்றிலிருந்து வசந்தி, என் மனைவி, பஜ்ஜியே போடுவதில்லை.

"இதுவும் போச்சுன்னா என் புள்ளைக்கு அவ்ளோதாங்க. இனிமே யாரும் வர மாட்டாங்க" என்றாள்.

பெண் பெயர் மோனிகா, சொந்த ஊர் பள்ளிப்பட்டு, ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை, அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் வேடியப்பன் எங்களைப் பற்றிச் சொல்லியிருந்த பெருமைகளில் முதலாவது, "கார் ஷெட் வெச்ச வீடு."

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஷட்டரை மாற்ற வேண்டும்.

சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் போலப் பேசியது. மோட்டார் வைத்தது, ரிமோட்டில் திறப்பது, எழுபதாயிரத்தில் ஆரம்பிக்கிறதாம். "கார் என்ன மாடல் சார்?" என்று கேட்டது. "இன்னும் முடிவாகலம்மா" என்று வைத்துவிட்டேன். பஜாரில் விசாரித்தேன். கையால் தூக்கும் சாதா ஷட்டர், பழசைக் கழற்றி மாட்டிக் கொடுக்க முப்பத்திரண்டாயிரம். "இன்னிக்கு இது. நாளைக்கு இரும்பு வெலை எப்டியோ" என்று கடைக்காரர் வானத்தைப் பார்த்தார், இரும்பு அங்கேயிருந்து பெய்கிற மாதிரி.

எதிர்வீட்டு பத்ரிநாராயணனிடம் ஆலோசனை கேட்டேன். கல்யாணங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். அதனால் ஊரில் நடக்கிற அத்தனை சங்கதியும் அவர் அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும்.

"வெலை கெடக்கட்டும் கஜபதி, ஆளைப் பார்த்து உள்ளே விடும்" என்றார். "பின்தெருவுல ஒருத்தன் ஜன்னலுக்கு கிரில் அளவெடுக்கறேன்னு வந்தான். எத்தனை பேர், யார் எப்போ வருவா, எல்லாம் விசாரிச்சான். ரொம்ப மலிவா வெலை சொன்னான். அடுத்த வாரம் பீரோ காலி. ஞாபகம் வெச்சுக்கும் ஓய், மலிவா சொல்றவன்தான் திருடன்."

எனக்கு இதைச் சொல்லியே தர வேண்டாம். முப்பது வருஷம் பஸ்ஸில் மனிதர்களைச் சந்தேகப்படுவதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. தூங்குகிறவன், ஜன்னல் வழியே மலையை ரசிக்கிறவன், "டிக்கெட்டா, அப்பவே எடுத்தாச்சே" என்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. இதில் மோசமானவன், சிரித்த முகமாகச் சரியான சில்லறையை நீட்டுகிறவன். அவன் இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே ஏறியிருப்பான்.

மறுநாள் காலை அப்படி ஒரு சிரித்த முகம் என் வாசலில் பைக்கை நிறுத்தியது.

"வணக்கங்க. என் பேரு எல்லப்பன். கனகம்மாசத்திரத்துல ஷட்டர் கடை. இங்க ஷட்டர் மாத்தணும்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்க" என்று சிரித்தார்.

நான் கனகம்மாசத்திரம் பக்கம் யாரிடமும் மூச்சு விடவில்லை. வசந்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். விஜயன் வேலைக்கு. வீட்டில் நான் தனி. இவனுக்கு நேரம் தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் விசில் அடித்தது.

டேப்பை நீட்டி ஷட்டரை அளந்தார். அது ஒரு நிமிஷ வேலை. அதன் பிறகு அவர் கண் ஷட்டரில் இல்லை. வாசலில் கிடந்த செருப்பு ஜோடிகளைப் பார்த்தது. கொடியில் காயும் துணியைப் பார்த்தது. மாடியை, தண்ணீர்த் தொட்டியை, திறந்திருந்த சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தது. பிறகு, "எல்லாம் சேத்து இருபத்திரெண்டு ஆயிரம் குடுங்க, போதும்" என்றார்.

இருபத்திரெண்டு! பஜாரில் முப்பத்திரண்டு. பதினைந்தில் ஆரம்பித்து மெல்ல ஏறலாம் என்று பேரத்துக்குத் தயாராக இருந்த நான் பேரத்தையே மறந்துவிட்டேன். பத்ரிநாராயணன் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து காபி டம்ளரோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தீரா என்றது அந்தப் பார்வை.

"வீட்டுல எத்தினி பேருங்க?" என்றார் எல்லப்பன்.

"ஏன்?"

"சும்மாதாங்க. எத்தினி வாட்டி தொறந்து மூடுவீங்கன்னு ஒரு கணக்கு."

"பத்து பேரு" என்றேன். வாசலில் இரண்டே ஜோடி செருப்பு. "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. பலசாலிங்க."

"ஓகோ. பையன் இன்னா பண்றாரு?"

பையன் இருப்பதும் தெரிந்திருக்கிறது. சரி, இவனை இன்றைக்கு விரட்டுகிற விரட்டில் இனி இந்தத் தெருப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"ராத்திரி பூரா முழிச்சிகினு இருப்பான்."

"வேலைங்க?"

"அதான் வேலை."

அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பழக்கம் கிழக்கம் எதுனா உண்டா?"

எனக்குப் புரிந்துவிட்டது. குடிகாரன் என்றால் போதையில் தூங்கிவிடுவான், பீரோவைத் தூக்கிப் போனாலும் எழ மாட்டான் என்று கணக்குப் போடுகிறான். குடிக்க மாட்டான் என்று சொன்னால், நல்ல பையன், அடிக்கத் தெரியாதவன் என்று தைரியம் வரும். இரண்டையும் அடைத்தேன்.

"ஆங், குடிப்பான். நெறையவே குடிப்பான். ஆனா குடிச்சா தூக்கம் வராது அவனுக்கு. கைல எது கெடச்சாலும் எடுத்து வீசுவான். போன மாசம் கடப்பாரை."

"கடப்பாரையா?"

"ரெண்டு அடிதடி கேஸு நடந்துகினு இருக்குது. போலீஸ்காரங்க வாரத்துல ரெண்டு நாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. இப்ப வர்ற நேரந்தான்."

எல்லப்பன் முகத்தில் சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குள் ஏறிக்கொண்டே போனது.

"கடன் எதுவும் இல்லாத குடும்பந்தான?" என்றார், ஏதோ ஒரு கடைசி ஆசையில்.

"கழுத்து வரைக்கும் இருக்குது. பொண்டாட்டி கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு, தங்கம் அடகுக் கடைல தூங்குது. ஒரு குண்டுமணி கெடையாது வீட்டுல."

"வீட்டம்மா எப்டி?"

"நாய் வளக்கலையான்னு கேக்குறீங்க, அதான? தேவையில்ல. அவ ஒருத்தி போதும்."

எல்லப்பன் டேப்பைப் பையில் போட்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?" என்றார்.

உள்ளே போனதும் பின்னாலேயே வருவான். "மலைக்குப் போற வழியில கொழா இருக்குது" என்றேன்.

பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். எடுத்த அளவைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. பத்ரிநாராயணன் அங்கிருந்தே கை தட்டினார். "கடப்பாரை பிரமாதம் ஓய்!"

வசந்தி வந்ததும் நடந்ததை நடித்தே காட்டினேன். நாய் வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன். அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், "எந்த ஊருன்னு சொன்னான்?" என்றாள். "சத்திரம்" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அதே சமயம் போன் அடித்தது. வேடியப்பன்.

"இன்னா கஜபதி, இப்டிப் பண்ணிட்ட! ஞாயித்துக்கெழம வர்லன்னுட்டாங்க. பொண்ணோட தாய்மாமாவே நேர்ல வந்து விசாரிச்சாராமே. நீயே உன் வாயால சொன்னியாமே!"

"தாய்மாமாவா?"

"எல்லப்பன்யா! சத்திரத்துல ஷட்டர் போடுறவரு. அவரு வீட்டுல தங்கிகினுதான் அந்தப் பொண்ணு வேலைக்குப் போவுது. உன் வீட்டம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. உன் வீட்டம்மா எங்கிட்ட, ஷட்டர் புதுசா மாத்திடுவோம்னு சொன்னாங்க. நான் பொண்ணு வீட்டுல சொன்னேன். அவரு, 'நம்ம தொழிலாச்சே, அந்தச் சாக்குல போயி குடும்பத்தையும் பாத்துட்டு வரேன்'னாரு. விசாரிக்காம பொண்ணு குடுப்பாங்களா?"

நம் பக்கத்தில் வரன் விசாரிப்பது இப்படித்தான். வளையல் விற்கிற மாதிரி வருவார்கள், வழி கேட்கிற மாதிரி வருவார்கள், டீக்கடையில் பக்கத்தில் உட்காருவார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு நானே மாடு வாங்குகிறவனாக ஒரு வீட்டுக்குப் போய், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தவன்தான். அந்த எனக்கே தோன்றவில்லை.

"திருடனுக்கு பயந்துகினு பெத்த புள்ளைய ரவுடி ஆக்கிட்டியே யோவ்!" என்றாள் வசந்தி. முப்பத்தைந்து வருஷமாக என்னை 'ஏங்க' என்றே கூப்பிட்டவள். வேடியப்பன் அவளிடம் போனில் நாய் வசனத்தையும் விடாமல் சொல்லிவிட்டார். அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

சாயங்காலம் விஜயன் வந்தான். வசந்தி அழுதபடி சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "கடப்பாரையா, நைனா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு தட்டின் முன் உட்கார்ந்தான். நான்கு தோசை சாப்பிடுகிறவன் ஒன்றோடு எழுந்து கை கழுவினான்.

"இன்னாடா, போதுமா?"

"பரவால்ல, நைனா" என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

மறுநாள் மத்தியானம் பஸ் பிடித்து கனகம்மாசத்திரம் போனேன். வழியெல்லாம் என்னென்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். சந்தேகப்பட்டிருப்பார்.

ரோட்டோரத்தில் இறங்கிக் கேட்டேன், கடையைக் காட்டினார்கள். எல்லப்பன் தகட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க. கடப்பாரை எடுத்துகினு வர்லியா?"

"எல்லப்பன், நான் நேத்து சொன்னது அத்தனையும் பொய்யி. என் பையன் மோரைத் தவிர எதையும் தொட மாட்டான். கேஸு, கடன், ஒண்ணும் கெடையாது. நீங்க திருடன்னு நெனச்சுட்டேன்."

"நல்லாருக்குது" என்றார். "பத்து பதினஞ்சு பொண்ணுங்களுக்கு விசாரிச்சவன் நான். யாருன்னே தெரியாதவன்கிட்ட சொல்றதுதான் நெஜம். சம்பந்தி ஆவப்போறவன்னு தெரிஞ்சப்புறம் சொல்றது பூரா பொய்யி. இதுல நான் எதை எடுத்துக்கறது?"

ஒரு கண்டக்டராக யோசித்தால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். "சொல்லி வெச்சுட்டு வந்திருப்பீங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். "கடப்பாரை ரத்தத்துல தெரியுமா?" என்றார்.

அப்போது மெடிக்கல் ஷாப் நீலக் கோட்டோடு ஒரு பெண் சாப்பாட்டுக்காக உள்ளே வந்தது. மோனிகா என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை என்னை நிற்க வைத்திருந்த எல்லப்பன் சட்டென்று எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டதில் தெரிந்தது.

"இவருதானா மாமா?"

"ஆங், இவருதான்."

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தது. "அவரு குடிப்பாரா மாட்டாரான்னு நான் கேக்கல சார். அதை ரெண்டு பேரை விசாரிச்சா தெரிஞ்சுடும். வாசல்ல ஒருத்தரு வந்து நின்னதும் வீட்டைக் காப்பாத்த பெத்த புள்ள பேரைத் தூக்கிக் குடுத்துட்டீங்க. நாளைக்கு நான் அந்த வீட்டுக்கு வந்தேன்னு வைங்க. என் பேரையும் இப்டித்தான குடுப்பீங்க?"

எனக்கு ஜோக் ஒன்றும் கிடைக்கவில்லை. எப்போதும் ஒன்று கிடைக்கும்.

"அவரைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றது.

வாயைத் திறந்தேன். வரவில்லை. பெற்ற பிள்ளையை நம் வாயால் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று முப்பத்து மூன்று வருஷமாக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. திட்டித் திட்டியே பழகிவிட்டது. தேடிப் பார்த்தபோது நான் திட்டியது ஒன்றுதான் கையில் அகப்பட்டது.

"அந்த ஷட்டரு" என்றேன். "அதை மேல தூக்குனா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தும். ரொம்ப வருஷமாவே அப்டித்தான். அவனுக்கு விடிகாலை ஷிப்டு. அவங்கம்மாவுக்குத் தூக்கம் சரியா வராது. அதனால வண்டிய ஷெட்டுல வுடாம தெருவுலயே வுட்டுடுவான். மழை பெஞ்சா நனையும். சீட்டு கிழிஞ்சு போச்சு. துணியால தொடச்சுட்டு, கொஞ்ச தூரம் தள்ளிகினு போயி, அப்பறந்தான் ஸ்டார்ட் பண்ணுவான். ஷெட்டைக் கட்டிக் குடுத்தும் வெளிய வுடுறியே சோம்பேறின்னு நான் தெனமும் திட்டுவேன். ஏன்னு அவன் சொன்னதே இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திட்டுவேன்."

எல்லப்பன் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தார். மோனிகா கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"நேத்து நீங்க சொன்னதைக் கேட்டுட்டு அவரு இன்னா சொன்னாரு?"

"பரவால்ல நைனான்னான். ஒரு தோசையோட எழுந்துட்டான்."

அது உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மாமா, இவருக்கு ஷட்டர் எப்ப மாட்டப் போற?" என்றது.

"அட்வான்ஸ் குடுத்தா சனிக்கெழம" என்றார் எல்லப்பன்.

"அப்ப ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வரலாம். பாக்கத்தான். வேற எதுவும் முடிவு பண்ணிக்காதீங்க சார். அவருகிட்ட நான் தனியா பேசணும்."

தலையாட்டினேன். நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே சட்டைப் பையில் கை விட்டேன். "இருபத்திரெண்டுதான?"

"அது சொந்தக்காரங்க ஆவப்போறோம்னு சொன்ன வெலை" என்றார் எல்லப்பன். "தண்ணிகூடக் குடுக்காத வீட்டுக்குக் கடை வெலைதான். முப்பது."

என் நாக்கு இருபத்தைந்து என்று சொல்ல நுனிவரை வந்துவிட்டது. மோனிகா பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கை உள்ளே இழுத்து, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார். "ஞாயித்துக்கெழம நாங்க வரும்போது நீங்க வாயத் தொறக்கக் கூடாது. வீட்டம்மா பேசட்டும், பையன் பேசட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முழுசையும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தி வாசலிலேயே மறித்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றேன். சாமி இருக்கும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஷட்டருக்கு எவ்ளோ சொன்னாரு?" என்றாள்.

"முப்பது."

"நேத்து இருபத்திரெண்டுன்னீங்க! ஒரே நாள்ல எட்டாயிரம் ஏறிச்சா? இதுல ஏதோ இருக்குதுங்க. அந்த ஆளு உங்கள நல்லா ஏமாத்தி இருக்கான். விசாரிச்சீங்களா?"

நான் பதிலே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.